கிரகணச் சிவப்பைப் பார்ப்பது எப்படி: ஒரு சாயக்காரனின் குறிப்பு

2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை, முழுச் சந்திர கிரகணம். இரவு பதினோரு மணிக்கு, நிற மாதிரிகள் ஒட்டிய ஷேடு கார்டும் கையுமாக மொட்டைமாடியில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து மாடியில் இருந்து, "என்ன மாமா, நிலாவுக்குச் சாயம் போடப் போறீங்களா?" என்று ஒரு பையனின் குரல். அந்தப் பையனின் அம்மா அண்ணாந்து பார்த்து, "எர்ரகா உந்தி" என்றார். ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் நகரியில் பேச்சு அப்படித்தான், பாதி தமிழ், பாதி தெலுங்கு. அந்தம்மா சொன்னது சரிதான், நிலா சிவப்பாகத்தான் இருந்தது. ஆனால் எந்தச் சிவப்பு?

முப்பது வருடம் ஏகாம்பரகுப்பத்தில் தறி நூலுக்குச் சாயம் போட்டவன் நான். "சிவப்பு வேணும்" என்று மட்டும் சொல்லி ஆர்டர் வந்தால் எங்கள் பட்டறையில் அடுப்பே பற்ற வைக்க மாட்டோம். குங்குமமா, அரக்கா, செங்கல்லா, வெங்காயச் சருகா, துருவா? அதைக் கேட்டு, துண்டு நூலை வாங்கி, பகல் வெளிச்சத்தில் ஒத்துப் பார்த்த பிறகுதான் தொட்டியில் தண்ணீர் ஏறும். கிரகண நிலாவையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. "ரத்த நிலா" என்று டிவியில் சொன்னதைக் கேட்டுவிட்டு, எட்டிப் பார்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு படுக்கப் போகிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

இதற்கு டெலஸ்கோப் வேண்டாம். பைனாகுலர் இருந்தால் நல்லது. கட்டாயம் வேண்டியவை ஒரு கண்ணாடிப் புட்டி, கொஞ்சம் பால், ஒரு டார்ச், அப்புறம் வீட்டில் கிழிந்து கிடக்கும் பழைய சேலைகளில் இருந்து நாலைந்து துண்டுகள்.

முந்தின நாள், சமையலறையில்

ஒரு லிட்டர் பிடிக்கிற கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் நிரப்பி, அறையை இருட்டாக்குங்கள். புட்டியின் ஒரு பக்கம் டார்ச்சை ஒட்டிப் பிடித்து, காய்ச்சாத பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். ஏழெட்டுச் சொட்டு விழுந்ததும் பக்கவாட்டில் நின்று பாருங்கள். தண்ணீர் லேசான நீலச் சாம்பலாகத் தெரியும். இப்போது டார்ச்சுக்கு நேர் எதிர்ப்பக்கம் போய்ப் புட்டி வழியாக அதே வெளிச்சத்தைப் பாருங்கள், மஞ்சளாக இருக்கும். இன்னும் சில சொட்டு விட்டால் ஆரஞ்சுக்குத் திரும்பும். பழைய குண்டு பல்பு டார்ச்சில் நன்றாக வரும். எல்இடி வெளிச்சத்தில் சிவப்புப் பங்கு குறைவு, அதனால் மஞ்சளோடு நின்றுவிடலாம். புட்டி எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது. படுக்கவைத்து, நீளவாக்கில் பார்த்தால் நிறம் இன்னும் ஏறும்.

முதல் தடவை நான் அரை டம்ளர் பாலைக் கவிழ்த்துவிட்டேன். சுண்ணாம்புத் தொட்டி மாதிரி வெள்ளையாகி, டார்ச் இருக்கிற இடமே தெரியவில்லை. துகள் கூடிப்போனால் வெளிச்சம் ஒன்றில் பட்டு இன்னொன்றில் பட்டு எல்லா நிறமும் திரும்பக் கலந்து வெள்ளையாகிவிடும். மேகம் வெள்ளையாக இருப்பதிலும் இந்தச் சங்கதி உண்டு. சாயத்தில் கை தாராளம் கூடாது என்று எத்தனையோ பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன், வீட்டில் போய் அப்படிச் செய்தேன். பாலுக்குப் பதில் டெட்டாலும் சில சொட்டு விட்டுப் பார்க்கலாம், நன்றாகவே வரும். ஆனால் பார்த்து முடித்த கையோடு கொட்டிவிடுங்கள். பால் தண்ணீர் போலவே இருக்கும், குழந்தைகள் இருக்கிற வீடு.

புட்டி கூட வேண்டாம் என்றால் ஊதுவத்தி ஒன்று ஏற்றுங்கள். கறுப்புத் துணிக்கு முன்னால் புகை நீலமாகத் தெரியும். அதே புகையை விளக்குக்கும் கண்ணுக்கும் நடுவே விட்டால் பழுப்பாகத் தெரியும்.

பட்டறைக்காரன் கண்ணுக்கு இதில் ஒரு வித்தியாசம் பட்டது. நாங்கள் போடும் சாயம் மற்ற நிறங்களைத் தின்றுவிடும், தின்னாமல் விட்டதுதான் துணியின் நிறம். காற்று தின்பதில்லை. நீலத்தைப் பக்கவாட்டில் வாரி இறைத்துவிட்டு, மிச்சத்தை நேராக அனுப்புகிறது. இறைத்த நீலம்தான் நமக்குப் பகல் வானம். மிஞ்சி வந்ததுதான் அந்திச் சிவப்பு. இந்தக் கணக்கை ராலே என்ற ஆங்கிலேயர் 1871-இல் போட்டார். அலைநீளம் குறையக் குறைய சிதறல் நாலாம் அடுக்கில் ஏறும். நீலத்துக்கு 450, சிவப்புக்கு 650 நானோமீட்டர் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். நீலம் நாலு மடங்குக்கு மேல் அதிகமாகச் சிதறுகிறது.

நிலாவுக்குச் சிவப்பு போகும் வழி

பூமியின் நிழலை விளக்க எனக்கு நூல் கோனை விட வசதியான பொருள் கிடைக்கவில்லை. கோனின் அடிப்பக்கம் பூமி. அங்கிருந்து நிழல் ஒடுங்கிக்கொண்டே போய், ஏறத்தாழ 14 லட்சம் கிலோமீட்டரில் முனையாக முடிகிறது. நிலா இருப்பது 3,84,000 கிலோமீட்டர் வாக்கில், அதாவது கோனின் கால்பங்கு தாண்டிய இடத்தில். அந்த இடத்தில் நிழலின் அகலம் சுமார் 9,200 கிலோமீட்டர். நிலாவின் குறுக்களவோ 3,474. இரண்டரை நிலா அகலத்துக்கு மேலேயே இருட்டு இருக்கிறது. இதில் போய் மாட்டினால் நிலா அடியோடு காணாமல் போக வேண்டும். பூமிக்குக் காற்று இல்லாதிருந்தால் அப்படித்தான் ஆகியிருக்கும்.

காற்று இருக்கிறதே. பூமியின் விளிம்பை உரசிக்கொண்டு போகிற வெயில் காற்றுக்குள் நுழைந்து வளைந்து, ஒரு டிகிரிக்கு மேல் திரும்பி, கோனுக்குள்ளேயே விழுகிறது. அந்தியில் நம் கண்ணுக்கு வரும் வெயில், தலைக்கு நேர் மேலிருந்து வரும் வெயிலைவிட 40 மடங்கு அளவுக்குக் காற்றைக் கடந்து வருகிறது. கிரகண நிலாவுக்குப் போகும் வெளிச்சம் ஒரு பக்கம் உள்ளே நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும் என்பதால் அதைப் போல் இரண்டு பங்கு. எங்கள் பாஷையில் சொன்னால் ரெண்டு முக்கு. ஒரு முக்கு போட்ட நூலும் ரெண்டு முக்கு போட்ட நூலும் ஒரே ஷேடாக இருக்குமா? அந்திச் சூரியனைவிடக் கிரகண நிலா அடர்த்தியாகச் சிவப்பது அதனால்தான்.

அந்த நேரத்தில் நிலாவில் நின்று பார்க்க முடிந்தால், கறுத்துக் கிடக்கும் பூமியைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம் தெரியும். உலகத்தில் அந்த நிமிஷம் எங்கெல்லாம் விடிகிறதோ, எங்கெல்லாம் பொழுது சாய்கிறதோ, அத்தனையும் சேர்ந்த வளையம். இது கற்பனை இல்லை. 2025 மார்ச் 14 கிரகணத்தின்போது நிலாவில் இறங்கியிருந்த 'புளூ கோஸ்ட்' என்ற விண்கலம் அங்கிருந்தே படம் எடுத்து அனுப்பியது.

மாசாமாசம் பௌர்ணமி வந்தும் ஏன் மாசாமாசம் சிவப்பதில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். நிலாவின் பாதை 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. பெரும்பாலும் கோனுக்கு மேலேயோ கீழேயோ தப்பிப் போய்விடும். அவ்வளவுதான்.

என் அம்மாவுக்கு இந்தக் கோன் கதை பிடிக்கவில்லை. "கரும்பாம்பு பிடிச்சா கறுக்கும், செம்பாம்பு பிடிச்சா சிவக்கும்" என்பதுதான் அவர் கணக்கு. ஆரியபட்டர் 499-ஆம் ஆண்டிலேயே நிழல் என்று எழுதிவைத்துவிட்டார் என்றேன். "அவரு எழுதட்டும், நீ ஊறுகாய் ஜாடியில தர்ப்பையைப் போடு" என்றார். போட்டேன். திருமலையில் கிரகணத்துக்கு நடை சாத்துகிறார்கள். அதே பக்கத்தில் காளஹஸ்தியில் சாத்துவதில்லை, ராகு கேது பூஜை வேறு நடக்கும். எங்கள் ஊருக்கு இரண்டும் தொலைவில்லை என்பதால் இந்தச் சண்டையில் நான் தலையிடுவதில்லை. உலக்கை விஷயத்தில் மட்டும் ஒரு வார்த்தை. கிரகணத்தன்று உலக்கை செங்குத்தாக நிற்கும் என்று தாம்பாளத்தில் நிறுத்திக் காட்டுவார்கள். அடி சமமாகத் தேய்ந்த உலக்கை என்றைக்கும் நிற்கும். நான் ஒரு செவ்வாய்க்கிழமை நிறுத்தினேன்.

ஷேடு பார்ப்பது

நிலா முழுக்க மறைந்ததும் உடனே ஷேடு குறிக்காதீர்கள். மாடிக்கு வந்து இருபது நிமிஷமாவது இருட்டில் நில்லுங்கள். செல்போனைப் பார்க்காதீர்கள். முழுமறைப்பில் நிலாவின் வெளிச்சம் பத்தாயிரத்தில் ஒரு பங்காகவும், சில சமயம் அதற்கும் கீழேயும் இறங்கிவிடும். அவ்வளவு மங்கலில் நம் கண்ணுக்குச் சிவப்பு சரியாகப் பிடிபடாது, சாம்பல் போலத்தான் தெரியும். பைனாகுலர் அங்கேதான் உதவுகிறது. உருவத்தைப் பெரிதாக்குவதைவிட, அதிக வெளிச்சத்தைச் சேர்த்துக் கொடுப்பதால் நிறம் எழுந்து வருகிறது. வெறும் கண்ணால் "ஏதோ பழுப்பு" என்று சொன்ன பக்கத்து வீட்டுப் பையன், பைனாகுலரை வாங்கியதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

ஆந்த்ரே தான்ஜோன் என்ற பிரெஞ்சு வானியலாளர் 1921-இல் கிரகண நிலாவுக்கு ஓர் அளவுகோல் வைத்தார். 0 முதல் 4 வரை ஐந்து படி. அவர் வைத்ததும் ஷேடு கார்டுதான் என்று எனக்கு அதைப் படித்தபோது ஒரே சந்தோஷம். நான் அதைச் சேலைக்கடை பாஷைக்கு மாற்றி வைத்திருக்கிறேன். பூஜ்யம் என்றால் நிலா இருக்கிற இடமே தெரியாத கறுப்பு. ஒன்று, சாம்பல் தட்டிய காப்பிப் பொடி. நிலாவில் இருக்கிற மறுக்களைக்கூடப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். இரண்டு, துருவும் அரக்கும் கலந்த சிவப்பு, நடுவில் கறுப்பு ஏறி, ஓரம் மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக. மூன்று, செங்கல், ஓரத்தில் மஞ்சள் சாயல் வரும். நாலு, புதுச் செம்புக் குடத்தைப் புளி போட்டு விளக்கி வெயிலில் வைத்த மாதிரி. அதில் ஓரம் நீலம் தட்டும். இந்த நிறங்களுக்குத் துணித் துண்டுகளை வெட்டி ஓர் அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். குறிப்பதைக் கிரகணத்தின் நடு நேரத்தில் குறியுங்கள். துண்டைப் பார்க்க டார்ச் அடித்தால் கண் கெட்டுவிடும். டார்ச் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டினால் அட்டையில் இருக்கிற சிவப்பெல்லாம் வெளிறிப்போகும். நான் செய்வது இது: பகலிலேயே அட்டையை மனசில் ஏற்றிக்கொள்வேன், மாடியில் நிலாவைப் பார்த்து நம்பரைச் சொல்லிவிட்டு, கீழே வந்து பகல் வெளிச்ச பல்பில் ஒருமுறை சரிபார்ப்பேன். அன்று மாடிக்குக் கார்டை எடுத்துப் போனது சும்மா வீம்புக்கு.

செப்டம்பர் 7 அன்றைக்கு முழுமறைப்பு இரவு சுமார் 11 மணியில் இருந்து 12:22 வரை, 82 நிமிஷம். மேகம் வந்து வந்து போனது. நிலா தெற்கே நன்றாக உயரத்தில் இருந்தது. 11:40 வாக்கில் மேல் பக்கம் துருவும் அரக்குமாக அடர்ந்து, கீழ் ஓரம் செங்கல்லாக வெளுத்திருந்தது. சாயம் சரியாக ஒட்டாத நூல் கழி மாதிரி மேலும் கீழும் வேறு வேறு ஷேடு. பட்டறையில் இப்படி வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காரணம் எளிது. நிலா அன்று கோனின் நட்டநடுவே போகவில்லை, கொஞ்சம் தெற்கே தள்ளிப் போனது. மேல் பக்கம் நிழலின் நடுவுக்கு அருகே, கீழ் பக்கம் ஓரத்துக்கு அருகே. நான் போட்ட மார்க் இரண்டரை.

இன்னொன்றைத் தவற விடாதீர்கள், பெரும்பாலானவர்கள் இதைப் பார்க்காமலேயே இறங்கிப் போகிறார்கள். முழுமறைப்பு தொடங்கியதும் வரும் முதல் இரண்டு மூன்று நிமிஷமும், முடிவதற்கு முந்தைய இரண்டு மூன்று நிமிஷமும் பைனாகுலரைக் கண்ணில் இருந்து எடுக்காதீர்கள். சிவப்புக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே மெல்லிசாக ஒரு மயில்கழுத்து நிறம் ஓடும். 12:20-க்கு இடது ஓரத்தில் அதைப் பார்த்தேன், ஜரிகைக்குப் பக்கத்தில் ஓடும் பேட்டுக் கோட்டின் அகலம்தான் இருக்கும். அது உயரத்தில் இருக்கும் ஓசோன் படலம் வழியாக வந்த வெளிச்சம். ஓசோன் சிவப்பையும் ஆரஞ்சையும் கொஞ்சம் விழுங்கிவிட்டு நீலத்தை விடுகிறது. காற்று இறைக்கிறது, ஓசோன் தின்கிறது. கடைசியில் எங்கள் சாயம் மாதிரி ஒன்று மேலே இருக்கத்தான் செய்கிறது.

ஷேடு ஏன் கிரகணத்துக்குக் கிரகணம் மாறுகிறது என்றால், நடுவில் இருக்கிற தண்ணீர், அதாவது காற்று, மாறுவதால்தான். பூமியின் விளிம்பில் மேகம் அதிகமா, தூசி அதிகமா, எரிமலைச் சாம்பல் மேலே ஏறியிருக்கிறதா என்பதெல்லாம் நிலாவில் எழுதப்பட்டுவிடும். 1991 ஜூனில் பிலிப்பைன்ஸில் பினடூபோ எரிமலை வெடித்தது. அது மேலே தள்ளிய கந்தகப் படலம் அடங்கவே காலம் பிடித்தது. ஒன்றரை வருடம் கழித்து 1992 டிசம்பரில் வந்த முழுக் கிரகணம் நிலாவே தெரியாத அளவுக்கு இருண்டு போனது. எங்கோ வெடித்ததை நிலா காட்டிக்கொடுத்திருக்கிறது.

ஏமாந்த கதை

2018 ஜனவரி 31. நிலா உதிக்கும்போதே கிரகணம் பிடித்திருந்தது. முழுமறைப்பு மாலை 6:21-க்கு. கிழக்கே பார்த்து அரை மணி நேரம் நின்றேன், நிலாவைக் காணோம். பஞ்சாங்கம் தப்பு என்று கூட வாய்விட்டேன். பஞ்சாங்கத்தில் தப்பில்லை. நிலா மங்கிப்போய், அந்தி வெளிச்சம் இன்னும் அடங்காமல், அடிவானப் புழுதியும் சேர்ந்து அதை மூடியிருந்தது. ஏழு மணிக்கு மேல்தான் அழுக்கு ஆரஞ்சில் ஓர் உருண்டை தட்டுப்பட்டது. அதைப் பார்த்து நான் குறித்த ஷேடு செல்லாது. அடிவானத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நிலா கிரகணம் இல்லாத நாளிலும் செம்மஞ்சளாகத்தான் இருக்கும், அது நம் ஊர்க் காற்று போட்ட சாயம். நிலா நன்றாக மேலே ஏறிய பிறகு தெரிவதுதான் பூமியின் விளிம்பு போட்ட சாயம். 2026 மார்ச் 3 கிரகணத்திலும் இந்தப் பொறி உண்டு. நம் பக்கம் நிலா உதிப்பதற்குள் முழுமறைப்பு முடிந்துவிடும் கிரகணம் அது, கண்ணில் படும் சிவப்பு அடிவானத்துடையது.

செல்போன் போட்டோ பற்றி நீட்டி எழுத எனக்கு ஆசையில்லை. தானியங்கி முறையில் எடுத்தால் போன் தன் இஷ்டத்துக்கு நிறத்தைத் 'திருத்தி' விடும். புரோ மோடில் வெள்ளைச் சமநிலையைப் பகல் வெளிச்சத்தில் வைத்து, ஐஎஸ்ஓ 800, ஒரு நொடி, போனைச் செங்கல்லில் சாய்த்து வைத்து டைமரில் எடுங்கள். ஜூம் செய்தால் நிலா இழுபடும்.

சூரியன் சிவக்கிறதா?

இல்லை. இதில் மக்களுக்குக் குழப்பம் அதிகம். சூரிய கிரகணத்தில் நடுவே வருவது நிலா, அதற்குக் காற்று இல்லை. வளைத்து வடிகட்டிச் சிவப்பாக்க அங்கே ஒன்றுமில்லை. அப்புறம் போட்டோக்களில் ஆரஞ்சாக இருக்கிறதே?

2019 டிசம்பர் 26 அன்று நூல் விஷயமாகத் திருப்பூரில் இருந்தேன். காலை ஒன்பதரைக்கு வளையக் கிரகணம். கையில் இருந்த கிரகணக் கண்ணாடியில் சூரியன் ஆரஞ்சு வளையலாகத் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர் வெல்டிங் கடையில் வாங்கிய 14-ஆம் நம்பர் கண்ணாடியைக் கொடுத்தார். அதில் பச்சை வளையல். ஒரே சூரியன், ஒரே நிமிஷம், இரண்டு நிறம். ஆக, நிறம் கண்ணாடியுடையது. சூரியன் பாதி மறைந்தபடி உதித்தாலோ மறைந்தாலோ சிவப்பாகத் தெரியும், அது எல்லா நாளும் இருக்கிற அந்திச் சிவப்பு. ஒன்றை மறக்க வேண்டாம். எக்ஸ்ரே பிலிம், புகை பிடித்த கண்ணாடி, சாணித் தண்ணீர், மஞ்சள் தண்ணீர் எதுவும் கண்ணைக் காப்பாற்றாது. நிலாவை மட்டும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வெறும் கண்ணால் பார்க்கலாம்.

சூரியனின் சொந்தச் சிவப்பு ஒன்று உண்டு. முழுச் சூரிய கிரகணத்தில் மட்டும், வட்டம் மறையும் நொடியில், நிலாவின் விளிம்பை ஒட்டிக் குங்குமக் கோடு போல ஒன்று தெரியும். அங்கங்கே நாக்கு நாக்காகச் சிவப்பு நீட்டிக்கொண்டிருக்கும். அது சூரியனின் மேலுறையில் இருக்கும் ஹைட்ரஜன் வாயு 656.3 நானோமீட்டரில் விடும் வெளிச்சம். வடிகட்டி வந்த மிச்சம் இல்லை, பிறக்கும்போதே சிவப்பு. இதைக் கண்டுபிடித்த கதை நம் ஆந்திரத்தில் நடந்தது. 1868 ஆகஸ்ட் 18 முழுக் கிரகணத்துக்குப் பிரான்சில் இருந்து ஜான்சென் என்ற வானியலாளர் குண்டூருக்கு வந்தார். சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்துக்குப் போனார். அந்த வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, இன்று தெலங்கானாவில் இருக்கும் வனபர்த்தியில் நின்றார். சிவப்பு நாக்குகளின் ஒளியைப் பிரித்துப் பார்த்ததில் அவை ஒளிரும் வாயு என்று தெரிந்தது. அந்தக் கோடுகள் அவ்வளவு பிரகாசமாக இருந்ததால் ஜான்சென் மறுநாள், கிரகணமே இல்லாமல், அவற்றைத் திரும்பப் பார்த்தார். அன்று தட்டுப்பட்ட மஞ்சள் கோடு ஒன்றில் இருந்துதான் பிறகு ஹீலியம் என்ற பெயர் வந்தது. நான் இன்னும் அந்தக் குங்குமக் கோட்டைப் பார்க்கவில்லை. இந்தியாவில் அடுத்த வாய்ப்பு 2034 மார்ச் 20, காஷ்மீர் லடாக் பக்கம். அவ்வளவு தூரம் என் முழங்கால் சம்மதிக்காது.

எனக்கு அடுத்தது 2028 டிசம்பர் 31. இரவு ஏறத்தாழ 9:46-இல் இருந்து 10:58 வரை நிலா முழுக்கச் சிவந்திருக்கும், புத்தாண்டு வெடி வெடிக்க ஒரு மணி நேரம் முன்னால். நிலா நன்றாக உயரத்தில் இருக்கும் என்பதால் அடிவானச் சாயம் கலக்காது. மார்கழிப் பனி மட்டும் இருக்கும். பைனாகுலர் கண்ணாடியில் படிந்தால் ஊதாதீர்கள், இன்னும் மங்கும். துவைத்துத் துவைத்து இளகிப்போன பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். பக்கத்து வீட்டுப் பையன் இப்போதே தனக்கென்று ஓர் அட்டை செய்யச் சொல்லிவிட்டான். அவன் அம்மாவின் பழைய அரக்குச் சேலையில் ஒரு முழம் வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள், இரண்டாம் நம்பருக்கு.